பொருந்துவதும் உழைப்பதும்

இயந்திர நூல்களைத் தமிழில் பெயர்ப்போர்க்கு அடிக்கடி எதிர்ப்படும் கருத்து ஒன்று உண்டு. ஓர் உறுப்பின் இடத்தில் வேறோர் உறுப்பை வைக்கலாம் என்பதே அது. இதனைப் "பொருந்தும்" என்னும் ஒரே சொல்லால் நாம் குறித்துவிடுகிறோம். ஏட்டளவில் இதனால் தீங்கில்லை. பட்டறையிலோ இச்சொல் பெரும் பொருட்சேதத்துக்கு இடமளிக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

பிக்கப் எனப்படும் சிறு சுமைவண்டியின் கியர் பெட்டியை எடுத்துக்கொள்வோம். "முந்திய தலைமுறை வண்டிக்குப் பிந்திய தலைமுறையின் கியர் பொருந்துமா?" என்று வினவும் களப்பணியாளர் உண்மையில் மூன்று வினாக்களை ஒன்றாகக் கேட்கிறார். அவ்வுறுப்பு உரிய இடத்தில் அமருமா? அண்டையிலுள்ள உறுப்புகளோடு இசைந்து சுழலுமா? ஏற்றிய சுமையைத் தாங்கி நெடுநாள் உழைக்குமா? முதல் வினாவுக்குக் கிடைத்த விடையையே மூன்றுக்கும் உரியதாகக் கொள்வதனால்தான் பல பெட்டிகள் சில மாதங்களில் மீண்டும் கழற்றப்படுகின்றன.

நம் நாட்டவர் நன்கறிந்த ஜீப்பு இதற்கு நல்ல சான்று. இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஜீப்பில் டி-84 என்ற பெட்டி இருந்தது. போர் முடிந்த 1945-இல் பொதுமக்களுக்கென வந்த ஜீப்பிலும், 1947-இல் தோன்றிய வில்லிஸ் சுமைவண்டியிலும் டி-90 இடம்பெற்றது. இரண்டிலும் முன்செல்லும் கியர்கள் மூன்றே. முதற் கியரின் விகிதம் முன்னதில் ஏறத்தாழ 2.67, பின்னதில் 2.80. இரண்டாம் கியரில் இரண்டும் 1.56-ஐ ஒட்டியே நிற்கின்றன. எண்களை மட்டும் நோக்குவோர் இவற்றை ஒன்றெனவே கருதுவர். ஆயினும் டி-90 உருவிற் பெரியது, வலுவிற் சிறந்தது. ஒன்றன் பற்சக்கரம் மற்றதனுள் செல்லாது. விகிதம் ஒத்திருப்பதனால் உறுப்பு ஒத்துவிடாது என்பது இங்கே பெறப்படும் பாடம்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு; அது மேலும் ஏமாற்றுவது. பெயர் ஒன்றாயிருக்க, உள்ளமைப்பு வேறாயிருக்கும். அமெரிக்காவில் செவ்ரோலே எஸ்-10 என்ற சிறு சுமைவண்டியின் முதல் தலைமுறை 1982-ஆம் ஆண்டு மாடலாக வெளிவந்தது. அவ்வண்டிகள் பலவற்றில் போர்க்-வார்னர் நிறுவனத்தின் டி-5 என்ற ஐந்து கியர் பெட்டி பொருத்தப்பட்டது. 1985 முதல் வேறு சில வண்டிகளுக்கென அதே டி-5 திருத்தி அமைக்கப்பட்டது. பழைய அமைப்பில் முதன்மைத் தண்டின் மீது நேரே சுழன்ற பற்சக்கரங்கள், புதிய அமைப்பில் நீடில் பேரிங் எனப்படும் ஊசித் தாங்கிகளின் மீது சுழலலாயின. கியர் மாற்றும்போது வேகத்தை ஒத்திசைக்கும் சிங்க்ரோ வளையங்கள் முன்பு வெண்கல வகையின. பின்பு நார்ப்பூச்சு பெற்றன. வெளியே பின்கூட்டையும் மேல்மூடியையும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் வழக்கம் அந்நாட்டில் பரவலாக உள்ளது. கைப்பிடியை முன்தள்ளி அமைக்க எஸ்-10 வண்டியின் பின்கூட்டைத் தேடி வாங்குவோர் பலர். ஆனால் உள்ளிருக்கும் பற்சக்கரத் தொகுதிகளை அவ்வாறு கலக்க இயலாது. கூடு மாறலாம், குடல் மாறாது எனலாம்.

எஸ்-10 வண்டியின் இரண்டாம் தலைமுறை 1994-ஆம் ஆண்டு மாடலாக வந்தபோது, ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு என்.வி. 3500 என்ற பெட்டி துணையாயிற்று. டி-5 பெட்டியில் கிளச்சு உறை தனியே திருகாணிகளால் இணைக்கப்படுவது. என்.வி. 3500 பெட்டியிலோ அவ்வுறை பெட்டியோடு ஒன்றாகவே வார்க்கப்பட்டுள்ளது. எனவே முன்னதில் உறையை மட்டும் மாற்றி வேறோர் எஞ்சினோடு இணைக்கும் வாய்ப்பு உண்டு. பின்னதில் அவ்வாய்ப்பு வார்ப்பிலேயே முடிந்துவிடுகிறது. வண்டியின் பெயர்ப்பலகை ஒன்றே. இணைப்பு முறை வேறு.

ஆசிரியர்கள் வகுப்பிற் செய்து காட்டத்தக்க கணக்கு ஒன்றும் இங்குண்டு. எஸ்-10 வண்டியின் டி-5 பெட்டிகள் பலவற்றில் முதற் கியரின் விகிதம் 4.03. அதே நிறுவனத்தின் கமாரோ என்ற விரைவுக் காரில், எட்டு சிலிண்டர் எஞ்சினோடு வந்த டி-5 பெட்டிகள் பலவற்றில் அது 2.95. பின்னதைச் சுமைவண்டியில் எவ்வாறேனும் அமர்த்திவிட்டதாகக் கொள்வோம். 2.95-ஐ 4.03-ஆல் வகுக்க 0.73 வரும். அதாவது, எஞ்சினும் பின் அச்சும் மாறாதிருக்க, முதற் கியரில் சக்கரத்தைச் சேரும் இழுவிசை நூற்றுக்கு 27 பங்கு குறைகிறது. வெற்று வண்டி சமவெளியிற் செல்லும்போது இக்குறை தோன்றாது. விதைமூட்டைகளோடு மலைச்சரிவில் நின்று புறப்படும்போது, குறைந்த விசையைக் கிளச்சைத் தேய்த்தே ஓட்டுநர் ஈடுசெய்ய நேரும். கிளச்சு கருகியபின் பழி கிளச்சின் மேல் விழும். காரணமோ விகிதத்தில் இருக்கும்.

மூன்றாம் வினாவான உழைப்பு பெரும்பாலும் எண்ணெயைப் பொறுத்தது. நார்ப்பூச்சு வளையங்கள் கொண்ட டி-5 பெட்டிக்குத் தானியங்கிக் கியர் பெட்டிகளுக்குரிய மெல்லிய எண்ணெயே ஏற்றது. "கியர் பெட்டிக்குக் கியர் எண்ணெய்தானே" என்று தடித்த எண்ணெயை ஊற்றினால் வளையங்கள் தம் வேலையைச் செய்யமாட்டா. மறுபுறம், கடும் அழுத்தம் தாங்கும்பொருட்டுக் கந்தகச் சேர்மங்கள் கலந்த சில எண்ணெய்கள் வெண்கல, பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும். பெட்டியை மாற்றுவோர் அதற்குரிய எண்ணெயையும் மாற்றினாலன்றி வேலை முடிந்ததாகாது.

இவையெல்லாம் அமெரிக்க வண்டிகளின் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். இன்று இவ்வினா நம் வாயிலிலும் நிற்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல், பாதுகாப்புப் பணிக்குரிய சிறப்பு வண்டிகள் போன்றவை நீங்கலாக, 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவு செல்லாததாகிறது. உடைக்கப்படும் வண்டிகளின் உறுப்புகளில் இன்னும் பயன்தரக்கூடியவை உண்டு. உழவரும் சிறு வணிகரும் குறைந்த விலையில் அவற்றை நாடுவது இயல்பு. அச்சிக்கனத்தை நான் குறை கூறேன். நல்ல உருக்கை உலைக்கு அனுப்புவதினும் மற்றொரு வண்டியில் ஓடவிடுவது நாட்டுக்கு நன்று. ஆனால் எந்த ஆண்டு, எந்த எஞ்சின், எந்த வார்ப்பெண் என்ற குறிப்பின்றிக் கைமாறும் பெட்டி, ஊர்பேர் தெரியாத மருந்துப் புட்டியைப் போன்றது.

"அனுபவமுள்ள மெக்கானிக்குக் கை பட்டாலே தெரியும், எழுத்து எதற்கு?" என்பாரும் உளர். அக்கையறிவை நான் பெரிதும் மதிக்கிறேன். மதிப்பதனாலேயே அது எழுதப்பட வேண்டும் என்கிறேன். எழுதப்படாத அறிவு அவர் ஓய்வுபெறும் நாளில் அவரோடு வீடு சென்றுவிடும். அடுத்து வரும் இளைஞர் அதே பெட்டியை அதே இடத்தில் உடைத்துத்தான் கற்க வேண்டியிருக்கும்.

ஆதலின் சில செய்ய வேண்டும். கியரை மாற்றும் ஒவ்வொரு பட்டறையும் ஓர் அட்டை வைத்துக்கொள்ளட்டும். பெட்டியின் வார்ப்பெண், பற்சக்கரங்களின் பற்கணக்கு, ஸ்ப்ளைன் என வழங்கும் தண்டின் வரிப்பற்களின் எண்ணிக்கையும் விட்டமும், வேகமானியை இயக்கும் முறை, ஊற்றிய எண்ணெய், மாற்றிய நாளில் வண்டி ஓடியிருந்த தொலைவு ஆகியவை அதில் இடம்பெறட்டும். ஓராண்டு கழித்து, உறுப்பு உழைத்ததா இல்லையா என்ற ஒரு வரியும் சேரட்டும். அவ்வரியே அட்டையின் உயிர். தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியர்கள், உடைத்த வண்டிகளின் இரு தலைமுறைப் பெட்டிகளை அருகருகே வைத்து, மாணவரை அளக்கவும் எண்ணவும் செய்வார்களாக. வெர்னியர் அளவியும் பொறுமையும் இருந்தால் இதற்கு வேறு செலவில்லை.

மொழிபெயர்ப்போராகிய எங்கள் கடமையும் ஒன்றுண்டு. அமரும், இசையும், உழைக்கும் என்ற மூன்று சொற்கள் தமிழில் முன்பே உள்ளன. மூன்றும் எளியவை, மூன்றும் பட்டறையில் வழங்குபவை. கையேடுகளில் அவற்றை உரிய இடத்தில் எழுதுவோமாயின், "பொருந்தும்" என்ற ஒரு சொல்லை நம்பிச் சரிவில் வண்டியை நிறுத்தும் நிலை எவருக்கும் வராது.