அடுத்த பங்க் 500 கிலோமீட்டர் தள்ளி!

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் சிம்ப்சன் என்றொரு பாலைவனம் இருக்கிறது. பரப்பளவில் நம் தமிழ்நாட்டைவிடப் பெரியது. செக்கச் செவேலென்ற மணல்மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக, கடல் அலைகளைப் போல வரிசைகட்டி நிற்கும். மேற்கிலிருந்து கிழக்காகக் கடப்பவர்கள் 1,100-க்கும் மேற்பட்ட மேடுகளில் ஏறி இறங்க வேண்டும்.

வாங்கங்குரு என்ற பழங்குடி மக்கள், எங்கே தோண்டினால் தண்ணீர் ஊறும் என்று தெரிந்து வைத்துக்கொண்டு இங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் ஒட்டகங்களோடுதான் இதைக் கடந்தார்கள். மோட்டார் வாகனத்தில் முதலில் கடந்தது ராணுவமோ, பந்தய வீரர்களோ அல்ல. ஒரு குடும்பம்!

ரெக் ஸ்பிரிக் ஒரு புவியியலாளர். 1946-ல் ஈடியாகரா குன்றுகளில் மிகப் பழமையான உயிரினங்களின் புதைபடிவங்களைக் கண்டெடுத்துப் புகழ்பெற்றவர். 1962-ல் மனைவி கிரிசெல்டாவையும் இரண்டு குழந்தைகளையும் ஒரு நிசான் பேட்ரோல் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். நால்வரும் பத்திரமாக மறுகரை சேர்ந்தார்கள்.

அடுத்த ஆண்டே, அந்தப் பாலைவனத்துக்குக் கிழக்கே ஓடும் பேர்ட்ஸ்வில் பாதையில் இன்னொரு குடும்பம் கிளம்பியது. அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள். 1963 டிசம்பர் மாதம். அங்கே அது உச்சக்கட்ட கோடை. கார் பாதை தவறியது. பெட்ரோல் தீர்ந்தது. பெட்ரோல் இல்லை, தண்ணீரும் கொஞ்சம்தான் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் காரில் வைத்துவிட்டு நடந்தார்கள். ஐந்து பேரும் தாகத்தால் இறந்துபோனார்கள்.

இரண்டு குடும்பங்களுக்கும் நடுவே பல வித்தியாசங்கள். ஸ்பிரிக் பாலைவனத்தை அறிந்தவர். மற்றவர்கள் அந்தப் பாதைக்குப் புதியவர்கள். ஆனால், இன்றைக்கும் அந்தப் பக்கம் போகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்றுதான். எரிபொருள் என்பது அங்கே வண்டியின் விஷயம் அல்ல, உயிரின் விஷயம்.

ஏமாற்றும் கணக்கு

பாலைவனத்தின் மேற்கு ஓரத்தில் மவுண்ட் டேர் என்ற இடத்தில் டீசல் கிடைக்கும். அதை விட்டால் கிழக்கே பேர்ட்ஸ்வில் ஊரில்தான். நடுவே சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒரு பங்க் கிடையாது. கடை கிடையாது. பாதையில் எதிரே இன்னொரு வண்டி வந்தால் அதுவே பெரிய விஷயம்.

இங்கேதான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். ஒரு வண்டி நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுக்கிறது, டேங்க் 90 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். 500 கிலோமீட்டரோடு சுற்றி வளைத்துப் போவதற்காக 50-ஐச் சேர்த்தாலும் 55 லிட்டர் போதும். டேங்க்கை நிரப்பினால் 35 லிட்டர் மிச்சம் இருக்குமே என்று தோன்றும்.

ஆனால், மணல் வேறு மாதிரி. புதையாமல் இருக்க டயரில் காற்றைக் குறைத்துவிட வேண்டும். கியர் எப்போதும் கீழேயே இருக்கும். சக்கரம் பாதி நேரம் மணலை அரைத்துக்கொண்டிருக்கும். ஒரு மேட்டில் ஏற முடியாமல் பின்னால் வந்து, மறுபடி வேகமெடுத்து ஏறுவார்கள். சில மேடுகளுக்கு மூன்று, நான்கு முறைகூட ஆகும். மீட்டரில் தூரம் ஏறாது. டீசல் மட்டும் இறங்கும். மைலேஜ் பாதியாகிவிடுவது சாதாரணம்.

அதே வண்டி லிட்டருக்கு 5 கிலோமீட்டர்தான் கொடுக்கிறது என்றால், 550 கிலோமீட்டருக்கு 110 லிட்டர் வேண்டும். 90 லிட்டர் டேங்க் 450 கிலோமீட்டரில் காலி. பேர்ட்ஸ்வில்லுக்கு இன்னும் 50 கிலோமீட்டர் இருக்கும்போது வண்டி நின்றுவிடும். சுற்றி வளைத்துப் போயிருந்தால் அதற்கும் முன்னாலேயே!

அனுபவசாலிகள் இதோடு நிறுத்துவதில்லை. தேவையான அளவோடு கால் பங்கைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள். 110-ல் கால் பங்கு சுமார் 28. ஆக 138 லிட்டர். டேங்க் போக 48 லிட்டரைத் தனியாகக் கொண்டுபோக வேண்டும். 20 லிட்டர் கேன் மூன்று.

கால் பங்கு எதற்கு? மழை பெய்து பாதை சேறாகி, வந்த வழியே திரும்ப வேண்டியிருக்கலாம். கூட வரும் வண்டியின் டேங்க்கில் கல் பட்டு ஓட்டை விழலாம். அந்தக் கால் பங்கு பயணத்துக்கு அல்ல, எதிர்பாராததற்கு.

இந்தியா வந்த மூன்று கேன்கள்

கணக்கு சரியாக இருந்தாலும் பாத்திரம் சரியாக இருக்க வேண்டும். இன்று உலகம் முழுக்க ஜீப்புகளின் பின்னால் தொங்கும் இரும்புக் கேனுக்கு ‘ஜெர்ரி கேன்’ என்று பெயர். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் வீரர்களை எதிரணியினர் ‘ஜெர்ரி’ என்று கேலியாக அழைத்தார்கள். அவர்களுடைய கேன் என்பதால் ஜெர்ரி கேன்.

இந்தக் கேன் வெளியுலகுக்குத் தெரிந்த கதையில் இந்தியாவுக்கும் பங்குண்டு. பால் ப்ளைஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1939-ல் பெர்லினில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஜெர்மன் நண்பர் ஒருவரோடு காரிலேயே இந்தியா வரை போவதாகத் திட்டம். வண்டியெல்லாம் தயாரான பிறகுதான், அவசரத்துக்குத் தண்ணீர் எடுத்துப்போக எதுவும் இல்லை என்பது உறைத்தது. ராணுவம் ரகசியமாகச் சேர்த்து வைத்திருந்த கேன்களில் மூன்றை அந்த நண்பர் எடுத்து வந்தார். பாதி வழியில் நண்பரை ஜெர்மன் அரசு திருப்பி அழைத்துக்கொண்டது. போவதற்கு முன், கேன் செய்யும் முறை முழுவதையும் அவர் ப்ளைஸிடம் சொல்லிவிட்டுப் போனார். ப்ளைஸ் தனியாகக் கல்கத்தா வந்து சேர்ந்தார்.

ஊர் திரும்பியதும் அமெரிக்க ராணுவத்திடம் அதைப் பற்றிச் சொன்னார். முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களிடம் இருந்த பழைய கேனைத் திறக்க ஸ்பேனர் வேண்டும், ஊற்றப் புனல் வேண்டும். பிரிட்டிஷாரின் தகர டின்களோ வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஒழுகியே பெட்ரோலை வீணாக்கின. பிறகுதான் இருவரும் ஜெர்மன் கேனைப் பார்த்துச் செய்யத் தொடங்கினார்கள்.

அந்தக் கேனில் அப்படி என்ன விசேஷம்? மேலே மூன்று கைப்பிடிகள். நிறைந்த கேனை இருவர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கலாம். காலி கேன் என்றால் ஒரே ஆள் ஒரு கையில் இரண்டைப் பிடிக்கலாம். மூடியை நெம்பித் திறந்தால் போதும், கருவி எதுவும் வேண்டாம். ஊற்றும்போது காற்று உள்ளே போகத் தனி வழி இருப்பதால் ‘குபுக் குபுக்’ என்று தெறிக்காது. பக்கவாட்டில் பெருக்கல் குறி போல அழுத்தப்பட்ட பள்ளம் அழகுக்கு அல்ல. வெயிலில் உள்ளே இருப்பது விரியும்போது தகடு கொஞ்சம் உப்பிக்கொடுக்கும்.

எங்கே வைப்பது, எப்போது ஊற்றுவது?

பெட்ரோல் 10 டிகிரி வெப்பம் ஏறினால் சுமார் ஒரு சதவிகிதம் விரியும். அதனால், குளிர்ந்த காலை நேரத்தில் கழுத்து வரை நிரப்பி மூடக் கூடாது. கொஞ்சம் காலியிடம் விட வேண்டும். நிரப்பும்போது கேன் வண்டியில் இருக்கக் கூடாது. தரையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உராய்வில் சேரும் மின்சாரம் தரைக்குப் போக வழியில்லாமல் தீப்பொறியாக மாறலாம்.

காருக்குள், ஆட்கள் உட்காரும் இடத்தில் பெட்ரோல் கேனை வைக்கவே கூடாது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. காலடியில் தேங்கி நிற்கும்; ஒரு பொறி போதும்.

கூரையில் வைக்கலாமா? டீசல் நிறைந்த 20 லிட்டர் கேன் ஒன்று 20 கிலோவுக்கு மேல் இருக்கும். மூன்றையும் மேலே கட்டினால் மணல்மேட்டில் வண்டி சாயும்போது அந்த 60 கிலோவும் சேர்ந்து இழுக்கும். வண்டியின் பின்புறத் தாங்கியோ, திறந்த சரக்குத் தட்டோ நல்லது. அங்கேயும் அதிர்ச்சியில் தாங்கி விரிசல் விடும். தினமும் மாலையில் கையால் அசைத்துப் பார்ப்பது வழக்கம்.

கேனில் இருப்பதைக் கடைசி வரை பத்திரப்படுத்தி வைப்பது இன்னொரு தவறு. டேங்க்கில் 20 லிட்டருக்கு மேல் இடம் விழுந்ததுமே ஒரு கேனை ஊற்றிவிட வேண்டும். பாரம் குறையும். கேன் கசிந்திருந்தால், அந்தச் செய்தி முதல் நாளே தெரிந்துவிடும். 400-வது கிலோமீட்டரில் காலி கேனைத் தூக்கிப் பார்த்துத் திகைப்பதைவிட, திரும்பிப் போக வழியுள்ள தூரத்தில் தெரிந்துகொள்வது மேல்.

ஊற்றும் முன் இன்ஜினை நிறுத்திச் சூடு தணியவிட வேண்டும். அடுப்பு, சிகரெட் எதுவும் பக்கத்தில் கூடாது. சிம்ப்சனில் ஸ்பினிஃபெக்ஸ் என்ற காய்ந்த புல் வண்டியின் அடியில் சிக்கி, சைலென்சர் சூட்டில் தீப்பிடிப்பதுண்டு. அதன்மேல் டீசல் சிந்தினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

தண்ணீர்க் கேனும் எரிபொருள் கேனும் வேறு வேறு நிறத்தில், வேறு வேறு இடத்தில் இருப்பது முக்கியம். இருட்டில் மாறிப்போனால் இரண்டுமே பாழ்.

நம் பக்கத்துப் பலகை

இதெல்லாம் ஆஸ்திரேலியாவுக்கு மட்டும்தானா? மணாலியிலிருந்து லே போகும் வழியில் டாண்டி என்ற இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க் உண்டு. ‘அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தள்ளி’ என்ற அதன் பலகை முன்னால் நின்று படம் எடுக்காத பைக் பயணிகள் குறைவு. தமிழ்நாட்டிலிருந்தும் ஆண்டுதோறும் இளைஞர்கள் போகிறார்கள்.

படம் எடுத்துவிட்டுச் சிலர் செய்யும் காரியம்தான் பயமுறுத்துகிறது. குடிநீர் பாட்டிலில் பெட்ரோலை நிரப்பிப் பையில் செருகிக்கொள்கிறார்கள். மூடி கசியும். தாகத்தில் யாராவது தண்ணீர் என்று நினைத்து வாயில் வைத்துவிடும் ஆபத்தும் உண்டு. போகப்போக 5,000 மீட்டருக்கு மேல் ஏறும் மலைப்பாதை அது. காற்றழுத்தம் குறையக் குறைய, மூடிய பாட்டிலுக்குள் இருக்கும் ஆவி வெளியே தள்ளும். பாட்டிலில் கேட்டால் பல பங்க்குகளில் பெட்ரோல் கொடுக்க மாட்டார்கள்; அதில் நியாயம் இருக்கிறது. எரிபொருளுக்கென்றே செய்த உறுதியான கேன், இறுக்கமான மூடி, மேலே போனதும் மெதுவாகத் திறப்பது இவைதான் வழி.

எல்லாம் செய்தும் எரிபொருள் தீர்ந்துவிட்டால்? வண்டியை விட்டு நடக்கக் கூடாது என்பதுதான் பாலைவனத்தின் முதல் விதி. வண்டி நிழல் தரும். தேடி வருபவர்களின் கண்ணில் மனிதரைவிட வண்டிதான் முதலில் படும். என்றைக்கு வந்து சேர்வோம் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தால், தேடுவதும் உடனே தொடங்கும். இன்று சிம்ப்சன் போகிறவர்கள் சாட்டிலைட் போன் எடுத்துப்போகிறார்கள். கோடையில், டிசம்பர் முதல் மார்ச் நடுப்பகுதி வரை, அந்தப் பூங்காவையே மூடிவிடுகிறார்கள்.

பாலைவனத்தைக் கடந்து பேர்ட்ஸ்வில் பங்க்கில் வண்டியை நிறுத்தும்போது, பின்னால் ஒரு கேன் திறக்கப்படாமலே இருக்கலாம். இவ்வளவு தூரம் வீணாகச் சுமந்தோமே என்று யாரும் வருத்தப்படுவதில்லை. கணக்கு சரியாக இருந்தது என்று அர்த்தம்.