பக்கத்தில் ஒரு பியானோ

வயலின் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் வகுப்புக்குப் போகும் பிள்ளை யாழ்ப்பாணத்து மானிப்பாயில் யாருக்கும் புதுமை இல்லை. அந்தப் பிள்ளை மேடையேறுவது பெரும்பாலும் வாணி விழாவில் அல்லது பரிசளிப்பு விழாவில். பத்துப் பதினைந்து பேர் வரிசையாக இருந்து ஒரு கீர்த்தனையை ஒன்றாக வாசிப்பார்கள். அல்லது ஒலிபெருக்கியில் ஓடும் பின்னணி இசைக்கு மேலே ஒரு சினிமாப் பாட்டு வரும். இரண்டும் பெற்றோருக்குச் சந்தோசம் தரும். ஆனால் அந்தப் பிள்ளை என்ன கற்றது என்பது இரண்டிலும் தெரியாது. கூட்டத்தில் ஒருவரின் பிழையை மற்றவர்களின் சத்தம் மூடிவிடும்; பின்னணி இசையோ பிள்ளை வாசித்தாலும் விட்டாலும் தன்பாட்டில் ஓடும். ஒரு வயலின் ஆசிரியர் தம் மாணவர்களை மேடையேற்றும் நிகழ்ச்சியில் ஒரு பாதியாவது, ஒவ்வொரு பிள்ளையும் பியானோ வாசிப்பவர் ஒருவரோடு தனியாக வாசிப்பதாக அமைய வேண்டும் என்பது என் வாதம். மேல்நாட்டு இசை உயர்ந்தது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அடுத்தவரைக் கேட்டபடி வாசிப்பதே வயலினின் அரைவாசி வித்தை. அதை ஒளிக்க இடமில்லாமல் காட்டும் ஏற்பாடுகளில் இது ஒன்று.

நமது மரபில் வயலின் வந்த வழியே இதற்குச் சாட்சி. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரும் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த மேல்நாட்டு வாத்தியத்தைக் கர்நாடக இசைக்குப் பழக்கினார்கள். அன்றிலிருந்து அதன் முதல் வேலை பக்கவாத்தியம். பாடகரின் ஆலாபனையை ஒரு மூச்சுப் பின்னால் தொடர்வது, நிரவலிலும் கற்பனாசுரத்திலும் பதில் சொல்வது, பாடகர் தடுமாறினால் மானம் காப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். மேல்நாட்டு மேடையில் இருப்பு மாறுகிறது: வயலின் முன்னால் நிற்கும், பியானோ பக்கத்தில் இருக்கும். ஆனாலும் அங்கேயும் யார் யாருக்குத் துணை என்பது நாம் நினைப்பதுபோல் முடிந்த விசயம் அல்ல. பீத்தோவன் தம் வயலின் சொனாட்டாக்களைப் பியானோவுக்கும் வயலினுக்கும் என்றே வெளியிட்டார். பியானோவின் பெயர்தான் முதலில் வரும். 1803 இல் வியன்னாவில் ‘குரொய்ட்சர்’ சொனாட்டா முதன்முறை அரங்கேறியபோது வயலின் வாசித்தவர் ஜோர்ஜ் பிரிட்ஜ்டவர், பியானோவில் பீத்தோவன். ஒரு பகுதிக்குப் பிரதி எடுக்க நேரம் இல்லாததால், பிரிட்ஜ்டவர் பீத்தோவனின் தோளுக்கு மேலால் பார்த்து வாசித்தார் என்பது வரலாறு. ஒருவரையொருவர் கேட்காமல் அப்படியொரு கச்சேரி நடந்திருக்க முடியாது.

பியானோவோடு வாசிக்கும் பிள்ளைக்கு நடப்பதைப் படிப்படியாகப் பார்த்தால் காரணம் விளங்கும். முதலில் பியானோ ஒரு சுரத்தைக் கொடுக்கும். பிள்ளை தானே காதால் கேட்டுத் தந்தியைச் சேர்க்க வேண்டும். பிறகு பியானோ தனியே சில கட்டங்கள் வாசிக்கும். அதை எண்ணிக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். இந்தச் சும்மா நிற்பதுதான் சிறு பிள்ளைகளுக்கு ஆகக் கடினம். தொடங்கும் கணத்தை வில்லின் அசைவாலும் மூச்சாலும் துணைவருக்குக் காட்ட வேண்டும். நடுவில் ஒரு கட்டத்தை விட்டுவிட்டால் நல்ல பியானோக்காரர் தாமும் பாய்ந்து வந்து சேர்ந்துகொள்வார். பிள்ளையும் அவரைத் தேடிப் போய்ச் சேரப் பழக வேண்டும். பதிவுசெய்த இசை புகைவண்டி போன்றது, தவறவிட்டவருக்காக நிற்காது. இலங்கையிலும் நடக்கும் பிரித்தானிய றோயல் இசைக்கல்லூரிகளின் நேர்முகச் சோதனையில், பியானோவோடு எழுதப்பட்ட உருப்படிகளுக்குப் பிள்ளை தன் துணைவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்; பரிசோதகர் வாசித்துக் கொடுக்கமாட்டார். அந்த விதி வெறும் சம்பிரதாயம் அல்ல. ஒத்திகையும் சோதனைக்கான பாடமே என்பதுதான் அதன் பொருள்.

பியானோ காதைக் கெடுத்துவிடும் என்பது முதல் மறுப்பு. இதை லேசாகத் தள்ள முடியாது. பியானோவில் சுரங்கள் அசையாதவை; கமகம் எழாது. ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகமாகப் பிரித்திருப்பதால், தம்புராவோடு ஒட்டி நிற்கும் அந்தர காந்தாரத்தை விடப் பியானோவின் காந்தாரம் ஏறத்தாழ 14 சென்ட், அதாவது அரைச்சுர இடைவெளியில் ஏழில் ஒரு பங்கு, உயர்ந்து நிற்கும். இதே வகையான குறைக்காகத்தான் அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஹார்மோனியத்தை ஒதுக்கிவைத்தது. ஆகவே தோடியையும் சகானாவையும் பியானோவோடு வாசிக்கச் சொல்வது அநியாயம். என் வாதம் அதைக் கேட்கவில்லை. பியானோவுக்கென்றே எழுதிய உருப்படிகளைப் பியானோவோடும், கீர்த்தனையைத் தம்புரா மிருதங்கத்தோடும் வாசிக்கட்டும். வயலினுக்குக் கட்டைகள் இல்லை. விரல் எங்கே விழ வேண்டும் என்று காதுதான் சொல்லும். இரண்டு காந்தாரங்களையும் பிரித்தறிகிற காது கெட்ட காது அல்ல, கூர்மையான காது. தந்திகளைச் சேர்க்கும் முறை இரண்டுக்கும் வேறு என்பதால் நடுவில் ஓர் இடைவேளையும், முடிந்தால் இரண்டாவது வயலினும் வேண்டும். முத்துசுவாமி தீட்சிதர் மேல்நாட்டு மெட்டுகளுக்குச் சாகித்தியம் செய்த நொட்டுசுரங்களை மட்டும் இரண்டு பாதியிலும் வைக்கலாம். அவை இரண்டு வீட்டுக்கும் உறவு.

இது எங்களுடையது இல்லையே என்பது அடுத்த மறுப்பு. வயலினும் ஒரு காலத்தில் எங்களுடையதாக இருக்கவில்லை என்பது எளிய பதில். மானிப்பாய்க்காரருக்கு இன்னும் பொருத்தமான பதில் ஒன்று உண்டு. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், இதே ஊரில் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். உடற்கூறு, அறுவை, மகப்பேறு பற்றிய நூல்களைத் தமிழாக்கினார். அவர் பெயரால் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை இன்றும் இங்கே நிற்கிறது. உடற்கூற்றைத் தமிழாக்குவதற்காக அவர் எலும்புகளின் எண்ணிக்கையைக் குறைக்கவில்லை. பாடத்தின் கட்டுப்பாட்டை அப்படியே வைத்து, விளக்கத்தைத் தமிழில் கொடுத்தார். இசை ஆசிரியருக்கும் அது போதுமான முன்மாதிரி. தவிர, இந்த ஊர்ச் சபைக்குக் கொடுத்து வாங்கி வாசிப்பதைக் கேட்டுப் பழக்கம் உண்டு. கோயில் திருவிழாவில் நாதஸ்வரம் ஓரிடத்தில் நிறுத்த, தவில் அதை எடுத்துக்கொண்டு போவதற்குத் தலையாட்டுகிறவர்கள், வயலின் விட்ட இடத்தில் பியானோ எடுப்பதையும் தெரிந்துகொள்வார்கள்.

மிஞ்சுவது பணம். உண்மையான பியானோவில் இருநூறுக்கு மேற்பட்ட கம்பிகள். உப்புக் காற்றும் ஈரப்பதமும் அவற்றைக் குலைக்கும். சுருதி சேர்ப்பவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதனால் 88 கட்டைகளும் விரலுக்குப் பாரம் தரும் மின்பியானோ போதும் என்பேன். மின்சாரமே இல்லாமல் 1990களின் பல ஆண்டுகளைக் கடந்த குடாநாட்டில் மின்வெட்டைப் பற்றிய பயம் நியாயமானது; மண்டபத்துக்கு ஜெனரேற்றர் எடுக்கும் செலவையும் சேர்த்தே கணக்கிடலாம். ஆனால் கீபோர்ட்டில் பொத்தானை அமத்தித் தானியங்கித் தாளத்தை ஓடவிடுவது கூடாது. அது பதிவுசெய்த இசையின் குறையைத் திரும்பக் கொண்டுவரும். வாத்தியத்தை விட வாசிக்கும் ஆள் முக்கியம். அந்த ஆளை வெகுதூரம் தேட வேண்டியதில்லை. 1816 இல் அமெரிக்க மிசன் வந்த நாடு இது. ஞாயிறு ஆராதனையில் பாமாலைக்கும் கீர்த்தனைக்கும் வாசிக்கிறவர், சபை எங்கே மூச்சு வாங்குகிறது என்று ஒவ்வொரு வாரமும் கேட்டுப் பழகியவர். வயலின் வகுப்பும் தேவாலயப் பாடகர் குழாமும் ஒன்றையொன்று அறியாமல் பக்கத்துப் பக்கத்தில் இயங்குவது இரண்டுக்கும் நட்டம்.

ஆகவே ஆசிரியர்களுக்கு நான்கு வேண்டுகோள். பியானோ வாசிப்பவருக்கு உரிய கொடுப்பனவைக் கொடுங்கள். நிகழ்ச்சி நிரலில் மாணவரின் பெயரோடு அவர் பெயரையும் ஒரே எழுத்தளவில் போடுங்கள். மேடைக்கு முதல் நாள் மட்டும் அல்லாமல், குறைந்தது மூன்று ஒத்திகைக்காவது அவரை அழையுங்கள். மற்றப் பாதியில், பியானோவோடு முன்னால் நின்ற அதே பிள்ளையை, பாடப் பழகும் இன்னொரு பிள்ளைக்குப் பக்கவாத்தியமாக இருத்துங்கள். முன்னால் நிற்கும்போது துணை எப்படித் தாங்குகிறது என்று உணர்ந்த பிள்ளைதான், பக்கத்தில் இருக்கும்போது தானும் தாங்கும். புள்ளிகளும் பட்டங்களும் சோதனைச் சபைகள் கொடுக்கட்டும்; இந்தப் பழக்கத்தை ஆசிரியர்தான் கொடுக்க முடியும்.