எண்ணுவது இயந்திரமாக இருக்கட்டும், இறுதிச் சொல் தாளுக்கே
விவிபாட் சீட்டுகளை ஸ்கேனரில் எண்ணும் யோசனை குறித்து எங்கள் நிலைப்பாடு

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வாக்காளர்கள் சேர்ந்து நடத்தும், எந்தக் கட்சியையும் சாராத அமைப்பு எங்களுடையது. வாக்கு யாருக்குப் பதிவானது என்று வாக்காளருக்கு அச்சிட்டுக் காட்டும் விவிபாட் சீட்டுகளை இயந்திரம் மூலம் எண்ணலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்தின் 2024 ஏப்ரல் 26 தீர்ப்பிலிருந்து தொடங்குகிறது. சீட்டுகள் முழுவதையும் எண்ண வேண்டும், பழையபடி வாக்குச்சீட்டுக்கே திரும்ப வேண்டும் என்ற இரண்டு கோரிக்கைகளையும் நீதிபதிகள் சஞ்சீவ் கன்னா, தீபாங்கர் தத்தா அமர்வு நிராகரித்தது. கூடவே, சீட்டில் பார்கோடு அச்சிட்டு அதை இயந்திரத்தில் எண்ண முடியுமா என்று தேர்தல் ஆணையம் பரிசீலிக்கலாம் என்றும் சொன்னது.

எங்கள் பதில் இதுதான்: ஸ்கேனரை வரவேற்கிறோம், பார்கோடை மட்டும் நம்பி எண்ணுவதை எதிர்க்கிறோம்.

இப்போது எண்ணும் முறை

வாக்குப்பதிவு நாளில், வாக்குப்பதிவு தொடங்கும் முன்பே, முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 வாக்குகள் போட்டு மாதிரி வாக்குப்பதிவு நடக்கிறது. அந்தக் கணக்கை அழித்த பிறகுதான் உண்மையான வாக்குப்பதிவு. வாக்காளர் பொத்தானை அழுத்தியதும் வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம் அச்சான சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி தெரிந்து பெட்டிக்குள் விழுகிறது. மாலையில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் 'க்ளோஸ்' பொத்தானை அழுத்தி, மொத்த வாக்குகளை 17சி படிவத்தில் எழுதி, முகவர்களுக்கு நகல் தருகிறார்.

அதன் பிறகு ஸ்ட்ராங் ரூம். 2021 சட்டமன்றத் தேர்தலில் ஏப்ரல் 6 அன்று போட்ட வாக்குகள் மே 2 அன்று எண்ணப்பட்டன, இடையில் 26 நாள். 2024 மக்களவைத் தேர்தலில் ஏப்ரல் 19 முதல் ஜூன் 4 வரை 46 நாள். விருதுநகர் மாவட்டத்தில் இருந்தாலும் நம் இரு தொகுதிகளும் மக்களவைக்குத் தென்காசியோடு சேர்ந்தவை. இத்தனை நாள் பூட்டிய அறைக்குள் இருந்து வரும் எண்ணிக்கையை நம்ப, சீலையும் காவலையும் தவிர வேறொரு சான்றும் வேண்டும். பெட்டிக்குள் விழுந்த அந்தச் சீட்டுதான் அந்தச் சான்று.

எண்ணும் நாளில் காலை 8 மணிக்குத் தபால் வாக்குகளை எடுக்கிறார்கள். பிறகு சுற்றுச் சுற்றாக, பொதுவாக ஓர் அரங்கில் 14 மேஜைகளில், கட்டுப்பாட்டுக் கருவியின் 'ரிசல்ட்' பொத்தானை அழுத்தி எண்களைக் குறித்துக்கொள்கிறார்கள். கடைசியில் சட்டமன்றத் தொகுதிக்கு 5 வாக்குச்சாவடிகள் வீதம் விவிபாட் சரிபார்ப்பு. வாக்குச்சாவடி எண்கள் எழுதிய அட்டைகளை நான்காக மடித்து, ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுக்கிறார்கள். கம்பி வலை அடித்த கூண்டுக்குள் சீட்டுகளைக் கொட்டி, வேட்பாளர் வாரியாகப் புறாக்கூட்டு அறைகளில் பிரித்து, 25 சீட்டுகளாகக் கட்டுகிறார்கள். இயந்திரமும் சீட்டும் முரண்பட்டால் சீட்டின் கணக்கே செல்லும் என்று தேர்தல் நடத்தும் விதிகளில் விதி 56டி தெளிவாகச் சொல்கிறது.

ஐந்து போதுமா?

2019 வரை தொகுதிக்கு ஒரு வாக்குச்சாவடிதான். 21 எதிர்க்கட்சிகள் பாதியளவாவது சரிபார்க்கக் கேட்டபோது, முடிவு வெளியாக ஐந்தாறு நாள் தாமதமாகும் என்றது ஆணையம். நீதிமன்றம் ஐந்தாக்கியது.

தமிழ்நாட்டில் 2024இல் 68,000க்கு மேற்பட்ட வாக்குச்சாவடிகள் இருந்தன, அதாவது தொகுதிக்குச் சராசரியாக 290. மாநிலம் முழுக்க 1,170 சாவடிகளைச் சரிபார்க்கிறோம் என்பது வலுவான மாதிரிதான். பரவலாகத் தில்லுமுல்லு நடந்திருந்தால் அகப்படாமல் போகாது. ஆனால் ராஜபாளையம் வேட்பாளருக்கு ராஜபாளையத்தின் கணக்குத்தான் கணக்கு. ஒரு தொகுதியின் 290 சாவடிகளில் 29இல் கோளாறு என்று வைத்துக்கொள்வோம். குலுக்கலில் எடுத்த ஐந்தில் ஒன்றுகூட அந்த 29இல் இல்லாமல் போகும் வாய்ப்பு ஏறக்குறைய 59 சதவீதம். ஐம்பதாயிரம் வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்த தொகுதியில் இது பெரிய விஷயமில்லை. ஐந்நூறு வாக்கு வித்தியாசம் என்றால் இதுவே எல்லாம்.

4 கோடிக்கும் மேற்பட்ட சீட்டுகளைச் சரிபார்த்ததில் ஒருவரின் வாக்கு இன்னொருவருக்குப் போனதாக ஒரு நிகழ்வும் இல்லை என்று ஆணையம் நீதிமன்றத்தில் கூறியது. அதை நாங்கள் மறுக்கவில்லை. 2019இல் ஆந்திரத்தின் மைதுகூர் தொகுதியில் ஒரு சாவடியில் கணக்கு இடித்ததற்குக் காரணம், மாதிரி வாக்குகளை அழிக்காமல் விட்டது. இயந்திரத்தில் பழுதில்லை, கைதான் தவறியது. சீட்டை எண்ணியதால்தான் அது தெரிய வந்தது.

பார்கோடில் என்ன சிக்கல்?

ஒரு சாவடியின் சீட்டுகளைக் கையால் எண்ண ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகிறது. ஸ்கேனர் வந்தால் ஐந்து சாவடிக்கு ஆகும் நேரத்தில் ஐம்பதை முடிக்கலாம், தாமதம் என்ற வாதமும் தீர்ந்துவிடும். ஆகவே யோசனை நல்லதே.

ஆனால் பார்கோடை மனிதக் கண் படிக்க முடியாது. 7 விநாடியில் வாக்காளர் பார்ப்பது சின்னத்தை. ஸ்கேனர் படிப்பது கோடுகளை. இரண்டும் ஒன்றே என்பதற்கு அச்சடித்த இயந்திரத்தின் வாக்குமூலம் மட்டுமே சாட்சி. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசை, முத்திரையிட்ட எடைக்கல்லை வைத்துத்தான் சோதிக்கிறோம், அதே தராசின் இன்னொரு திரையைப் பார்த்து அல்ல.

வெளியுலகமும் இந்தப் பாடத்தைக் கற்றிருக்கிறது. சிறப்பு அறிவு இல்லாத குடிமகனும் தேர்தலின் முக்கியப் படிகளைச் சரிபார்க்க முடிய வேண்டும் என்று ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2009 மார்ச் 3 அன்று தீர்ப்பளித்து, அங்கே பயன்பட்ட வாக்குப்பதிவு இயந்திரங்களை ஏற்க மறுத்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம், கியூஆர் குறியீட்டைப் படித்து வாக்கு எண்ணுவதைக் கைவிட 2024இல் சட்டம் இயற்றியது. கொலராடோ 2017 முதல், வெற்றி வித்தியாசத்துக்கு ஏற்பத் தாள்களை எடுத்துச் சரிபார்க்கும் முறையை மாநிலம் முழுவதும் நடத்துகிறது.

எங்கள் கோரிக்கைகள்

1. ஸ்கேனர் படிக்க வேண்டியது சீட்டில் அச்சான வரிசை எண்ணும் பெயரும் சின்னமும்தான். பார்கோடு இருந்தால் துணைக்கு இருக்கட்டும். இரண்டும் வேறுபட்டால் கண்ணுக்குத் தெரியும் அச்சே செல்ல வேண்டும்.

2. ஸ்கேன் செய்த ஒவ்வொரு சாவடியிலும் சில கட்டுகளைக் குலுக்கல் முறையில் எடுத்து, முகவர்கள் முன் கையால் எண்ணிப் பார்க்க வேண்டும். ஸ்கேனரை எந்த இணைப்பிலும் சேர்க்கக் கூடாது.

3. ஐந்து சாவடி என்பது குறைந்தபட்சமாக இருக்கட்டும். வெற்றி வித்தியாசம் சுருங்கச் சுருங்கச் சரிபார்க்கும் சாவடிகள் பெருக வேண்டும். மிகக் குறைந்த வித்தியாசத்தில் எல்லாச் சீட்டுகளையும் எண்ண வேண்டும். இரண்டாம், மூன்றாம் இடம் பெற்றவர்கள் ஏழு நாளுக்குள் பணம் கட்டி 5 சதவீத இயந்திரங்களின் நினைவகத்தைச் சோதிக்கக் கேட்கலாம் என்று 2024 தீர்ப்பு தந்த வழி நல்லதே. ஆனால் அது தோற்றவரின் செலவில், முடிவு அறிவித்த பிறகு நடப்பது. சரிபார்ப்பு வாக்காளரின் உரிமை, முடிவுக்கு முன்னால் நடக்க வேண்டியது.

4. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலிலும் விவிபாட் வேண்டும். 2022 பிப்ரவரி 19 அன்று ராஜபாளையத்தின் 42 வார்டுகளிலும் ஸ்ரீவில்லிபுத்தூரின் 33 வார்டுகளிலும் விவிபாட் இல்லாத இயந்திரத்தில்தான் வாக்களித்தோம். சுற்றியுள்ள ஊராட்சிகளிலோ 2019 டிசம்பரில் பல நிறத் தாள்களில் முத்திரை குத்தினார்கள், 2020 ஜனவரி 2 அன்று தொடங்கிய எண்ணிக்கை மறுநாளும் நீண்டது. ஒரு பக்கம் தாளே இல்லை, மறுபக்கம் தாள் மட்டுமே. சில வாக்குகளில் வெற்றி தீர்மானமாகும் வார்டுத் தேர்தலுக்குத்தான் சீட்டு அதிகம் தேவை. மாநிலத் தேர்தல் ஆணையம் இதற்கு விதி வகுக்க வேண்டும்.

5. தபால் வாக்கில் நிராகரிக்கும் காரணத்தை எழுத்தில் பதிந்து, முகவர்களிடம் காட்ட வேண்டும். ராதாபுரம் சட்டமன்றத் தொகுதியில் 2016இல் வித்தியாசம் 49 வாக்குகள், தகராறு 203 தபால் வாக்குகள் மீது. தலைமையாசிரியர் சான்றொப்பம் செல்லுமா என்ற கேள்வி உயர் நீதிமன்றம் வரை போய், 2019 அக்டோபரில் மறு எண்ணிக்கை நடந்தது. அதன் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. தென்காசி சட்டமன்றத் தொகுதியில் 2021இல் வித்தியாசம் 370, அங்கும் தபால் வாக்குகளை 2023இல் மீண்டும் எண்ண வேண்டியிருந்தது.

ஆட்சேபம் ஒன்றுக்குப் பதில்

பழையபடி வாக்குச்சீட்டுக்கே போய்விடலாமே என்கிறார்கள் சிலர். நாங்கள் அதை ஏற்கவில்லை. தாளிலும் தகராறு உண்டு என்பதற்கு ராதாபுரமே சாட்சி. முத்திரை கோட்டில் விழுந்த சீட்டும், செல்லாத ஓட்டும் நாம் பார்த்தவைதான். 1982இல் கேரளத்தின் பரவூரில் சோதனையாக வந்து, 2001இல் தமிழ்நாட்டின் எல்லாச் சட்டமன்றத் தொகுதிகளுக்கும் பரவிய இயந்திரம் எண்ணிக்கையை விரைவாக்கியது. 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் சேர்ந்த சீட்டு அதற்குச் சாட்சி கொடுத்தது. சாட்சியை முழுமையாக விசாரியுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

கட்சிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மாதிரி வாக்குப்பதிவுக்குத் தவறாமல் முகவரை அனுப்புங்கள். 17சி நகலை ஒவ்வொரு சாவடியிலும் வாங்கி, எண்ணும் மேஜையில் வரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இந்தப் படிவம் இல்லாமல் பிறகு எழுப்பும் சந்தேகத்துக்கு ஆதாரம் இருக்காது. அடுத்த தேர்தலுக்கு முன் மேற்கண்ட ஐந்து கோரிக்கைகளில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள் என்று நம் இரு தொகுதி வேட்பாளர்கள் ஒவ்வொருவரிடமும் எழுத்தில் கேட்போம். பதிலையும், பதில் தராதவர் பெயரையும் வாக்காளர்களுக்கு அறிவிப்போம்.