தாமதமும் ஒரு மறுப்பே

நள்ளிரவிலிருந்து நீரும் அருந்தாமல், வைத்தியசாலை உடுப்புடன் கட்டிலில் கிடக்கும் ஒருவரிடம், "உங்கள் காப்புறுதி நிறுவனத்தின் கடிதம் இன்னும் வரவில்லை" என்று தாதி வந்து சொல்வதை அனுபவித்தவர்கள் இதனை வாசிப்போரில் பலர் இருப்பீர்கள். நானும் அவர்களில் ஒருவன்.

கொழும்பில் தனியார் வைத்தியசாலை ஒன்றில் எனது பித்தப்பையை அகற்ற நாள் குறிக்கப்பட்டிருந்தது. சத்திரசிகிச்சை நிபுணரும் மயக்கமருந்து வைத்தியரும் வந்துவிட்டனர். கட்டணத்தைப் பொறுப்பேற்பதாகக் காப்புறுதி நிறுவனம் அனுப்பவேண்டிய கடிதம் மட்டும் வரவில்லை. விண்ணப்பம் 5 நாட்களுக்கு முன்னரே போயிருந்தது. முற்பகல் 11 மணியளவில், ஸ்கான் அறிக்கையின் பிரதி வேண்டுமென நிறுவனம் கேட்பதாகச் சொன்னார்கள். விண்ணப்பத்துடன் ஏற்கனவே அனுப்பப்பட்ட அதே அறிக்கை! முழுத்தொகையையும் வைப்பிலிட்டால் உடனே ஆரம்பிக்கலாம் என்று கருமபீடத்தில் என் மனைவியிடம் கூறப்பட்டது. அவ்வளவு பணம் கையில் இருப்பவர் எதற்காகக் காப்புறுதி செய்கிறார்? வீடு திரும்பினேன். அனுமதிக் கடிதம் மறுநாள் மாலை வந்தது. ஆனால் அடுத்த சத்திரசிகிச்சைத் திகதி 9 நாட்கள் கழித்தே கிடைத்தது. அதற்கிடையில் இரண்டு இரவுகள் வலியில் துடித்தேன்.

அரச வைத்தியசாலைகளிலும் நாம் காத்திருக்கிறோம். 1951 முதல் கட்டணமின்றிச் சேவையாற்றும் அவற்றில் ஆளணியும் கட்டிலும் போதாமையே அதற்குக் காரணம். தனியார் வைத்தியசாலையிலோ எல்லாம் ஆயத்தமாக இருந்தும் காத்திருக்க நேர்கிறது. இதற்கு ஒரு நியாயமும் இல்லை.

மோசடியைத் தடுக்கவே பரிசீலனை என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். தேவையற்ற சிகிச்சைக்கு நோயாளியைத் தள்ளும் வைத்தியசாலைகள் இல்லையென்று நான் வாதிடப் போவதில்லை. ஆனால் பரிசீலனைக்கு முடிவுநேரம் வேண்டாமா? மறுப்பென்றால் அதற்கொரு காரணமும் கையொப்பமும் இருக்கும். அதனை எதிர்த்து முறையிடலாம். தாமதத்துக்கு அவை எதுவும் இல்லை. எவரும் 'இல்லை' என்று சொல்லாதபடியால் எவரும் பொறுப்பாளியும் அல்லர்.

இதன் கோரமுகத்தை ஐக்கிய அமெரிக்கா 2007 டிசெம்பரில் கண்டது. கலிபோர்னியாவைச் சேர்ந்த நத்தலீன் சர்கிசியன் என்ற 17 வயதுப் பெண்ணுக்கு ஈரல் மாற்றுச் சிகிச்சைக்கான செலவை ஏற்க சிக்னா நிறுவனம் மறுத்தது. மக்கள் அதன் அலுவலகத்தின் முன் திரண்டபின், 20ஆந் திகதி மனம் மாறியது. அன்றே அப்பெண் இறந்துபோனார். அமெரிக்க மருத்துவச் சங்கம் 2023இல் நடத்திய கருத்தாய்வில், முன்னனுமதி நடைமுறையால் தமது நோயாளிக்குப் பாரதூரமான பாதிப்பு நேர்ந்ததாக ஏறத்தாழ நால்வரில் ஒரு வைத்தியர் கூறியிருந்தார்.

எனினும் அந்நாட்டு அரசு 2024 ஜனவரியில் ஒரு விதி கொண்டுவந்தது. அரச நிதியிலான திட்டங்களை நடத்தும் காப்புறுதியாளர்கள் 2026 முதல், அவசர விண்ணப்பங்களுக்கு 72 மணித்தியாலங்களிலும் ஏனையவற்றுக்கு 7 நாட்களிலும் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் காரணத்தைக் குறிப்பிட வேண்டும். அயலில் இந்தியாவின் ஒழுங்குபடுத்தும் ஆணையம் 2024 மே மாதத்தில் இன்னும் கண்டிப்பாக நடந்துகொண்டது. முற்பணமற்ற சிகிச்சைக்கான விண்ணப்பத்துக்கு 1 மணித்தியாலத்தில் பதில் வேண்டும் என்றது. விதி எழுதப்பட்டதாலேயே எல்லோரும் அதன்படி நடப்பார்கள் என்று நம்பும் அப்பாவி அல்லன் நான். ஆயினும் விதி இருந்தால், மீறியவர் இவர் என்று சுட்டிக்காட்டவாவது முடியும்.

வீடு திரும்பிய அன்றிரவு எனது காப்புறுதிப் பத்திரத்தை முதன்முறையாக முழுமையாக வாசித்தேன். நான் கட்டுப்பணம் செலுத்தத் தவறினால் எத்தனை நாளில் என்ன நிகழும் என்பது அதில் தெளிவாக இருக்கிறது. நிறுவனம் பதிலளிக்கத் தவறினால் என்ன நிகழும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

அந்த ஒரு வரியைத்தான் கேட்கிறேன். குறித்த நேரத்துக்குள் பதில் வராவிடில் அனுமதி வழங்கப்பட்டதாகவே கொள்ளப்படும் என்று ஒவ்வொரு பத்திரத்திலும் எழுதப்படவேண்டும். அதனை எழுதவைக்கும் பொறுப்பு இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவினுடையது. எந்த நாட்டில் இருந்து இதனை வாசித்தாலும், உங்கள் பத்திரத்தை இன்றே எடுத்து அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். கட்டிலில் படுத்தபின் தேடுவதில் பயனில்லை.