பெடல் இருந்தால் போதுமா?

சைக்கிளில் எஞ்சின் பூட்டி ஓட்டுகிறவரிடம் நம்பர் வாங்கியாச்சா என்று கேட்டுப் பாருங்கள். “பெடல் இருக்குல்ல, இது சைக்கிள்தாங்க. இதுக்கு எதுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ்?” என்பார். கிட் விற்கும் கடைக்காரர் சொல்வதும் அதுதான், வீடியோ போட்டு மாட்டிக் காட்டுகிற இளைஞர் சொல்வதும் அதுதான். பலரும் நம்புகிற இந்தப் பேச்சு சட்டப்படி தவறு. நம்பி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பால் ஊற்றுகிறவர்கள், பேப்பர் போடுகிறவர்கள், மீன் கூடை கட்டிக்கொண்டு மிதித்து முழங்கால் தேய்ந்தவர்கள். அதனால்தான் இதை விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் பெடலுக்கே வருவோம். மோட்டார் வாகனம் என்றால் எது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(28) பிரிவு சொல்கிறது. அதில் பெடல் என்ற பேச்சே கிடையாது. இயந்திர விசையால் சாலையில் ஓடுவது எல்லாம் மோட்டார் வாகனம். நான்கு சக்கரத்துக்குக் குறைந்த வண்டியில் எஞ்சின் 25 சிசிக்கு மேற்படாமல் இருந்தால் விலக்கு உண்டு. கடையில் கிடைக்கும் பெட்ரோல் கிட்டோ 49 சிசி, 80 சிசி என்று சொல்லித்தான் விற்கப்படுகிறது. புல்வெட்டும் இயந்திரத்தின் எஞ்சினைக் கழற்றி மாட்டுகிறார்களே, அதிலும் 43, 52 சிசிதான் அதிகம் புழங்குகிறது. 1980இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50ஐ நினைத்துப் பாருங்கள். அதற்கும் பெடல் இருந்தது, மிதித்துத்தான் கிளப்பினோம். ஆனாலும் நம்பர் பிளேட்டோடுதான் அது ஊரெல்லாம் ஓடியது.

‘50 சிசிக்குள் இருந்தால் ஒன்றும் வேண்டாம்’ என்பது அடுத்த வாதம். இந்த 50 சிசி சட்டத்தில் வருவது வேறு இடத்தில். வண்டி ஓட்ட 18 வயது ஆக வேண்டும், 50 சிசிக்கு மேற்படாத இருசக்கர வண்டி என்றால் 16 வயதிலேயே ஓட்டலாம் என்கிறது 4ஆவது பிரிவு. அந்தப் பதினாறு வயதுக்காரருக்கும் லைசென்ஸ் வேண்டும், அவர் ஓட்டும் வண்டிக்கும் பதிவு வேண்டும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குக் கிட் மாட்டிக் கொடுக்கும் பெற்றோர் 199ஏ பிரிவைப் படிக்க வேண்டும். சிறுவர் மோட்டார் வாகனம் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் தண்டனை பெற்றோருக்கும் வண்டியின் உரிமையாளருக்கும் போகும். மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம்.

பேட்டரி சைக்கிள்காரர்களின் வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். வேகம் 25 கிலோமீட்டரைத் தொடும்போதோ, அதற்கு முன்பே மிதிப்பதை நிறுத்தினாலோ மோட்டார் ஓய்ந்துவிட வேண்டும். ஒழுங்கான பிரேக், முன்னால் வெள்ளை ரிஃப்ளெக்டர், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் வேண்டும். இத்தனையும் இருந்தால் அந்த மிதிவண்டி மோட்டார் வாகனம் ஆகாது. பதிவும் லைசென்ஸும் தேவையில்லை. இதோடு ஒரு நிபந்தனையும் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. இவையெல்லாம் சரியாக இருக்கின்றன என்று அரசு அங்கீகரித்த சோதனை நிறுவனம் ஒன்று பார்த்து ஒப்புதல் தந்திருக்க வேண்டும். மோட்டாரின் மேல் ‘250 வாட்’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது ஒப்புதல் ஆகாது. டிஸ்ப்ளேவில் பட்டனை அமுக்கி வேகத் தடையை எடுத்துவிட்டு 40 கிலோமீட்டரில் போனால் அந்த நிமிடமே விலக்கு போய்விடுகிறது.

‘அப்படியானால் பதிவு செய்துகொண்டால் போச்சு’ என்பவர்களும் உண்டு. நல்ல எண்ணம்தான், ஆனால் வழி இல்லை. பதிவுக்குப் படிவம் 20இல் விண்ணப்பம், 21இல் விற்பனைச் சான்று, 22இல் வண்டி சாலைக்குத் தகுதியானது என்று தயாரிப்பாளர் தரும் சான்று, மூன்றும் வேண்டும். கிட் மாட்டிய சைக்கிளுக்குத் தயாரிப்பாளர் யார்? சைக்கிள் கம்பெனி எஞ்சினுக்குப் பொறுப்பேற்காது, எஞ்சின் விற்றவர் சைக்கிளுக்குப் பொறுப்பேற்க மாட்டார். ஆய்வாளர் பென்சிலால் தேய்த்து எடுக்க முறையான சேஸிஸ் நம்பர் கிடையாது. 2020 ஏப்ரல் முதல் கட்டாயமான பி.எஸ். 6 புகை விதியை அந்த டூ ஸ்ட்ரோக் எஞ்சின் நெருங்கவே முடியாது. வண்டியைப் பாருங்கள்: பின்சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பிகளில் ரப்பர் வைத்து இறுக்கிய பல்சக்கரம், பாரில் கட்டிய பெட்ரோல் டேங்க், மிதிக்கும் வேகத்துக்கென்று செய்த பிரேக் கட்டை. இதற்கு எந்த ஆய்வாளரும் கையெழுத்துப் போட மாட்டார், போடவும் கூடாது. ‘நான் நம்பர் வாங்கித் தருகிறேன்’ என்று பணம் கேட்கும் புரோக்கர் ஏமாற்றுகிறார். பழைய மொபெட்டின் நம்பரை மாட்டிக்கொள்ளச் சொல்கிறவர் உங்களைக் கிரிமினல் வழக்கில் மாட்டிவிடுகிறார்.

கடைசியாக எல்லோரும் வந்து நிற்கிற இடம், ‘போலீஸ்காரர் பிடிப்பதே இல்லையே.’ பிடித்தால் பதிவில்லாத வண்டிக்கு முதல் முறை 5,000 ரூபாய் வரை அபராதம். அது பெரிய விஷயமில்லை, கட்டிவிடலாம். பயப்பட வேண்டியது விபத்துக்குத்தான். பதிவு செய்யவே முடியாத இப்படிப்பட்ட வண்டிக்கு எந்த நிறுவனமும் பாலிசி தராது. சாலையைக் கடந்த ஒருவர் மேல் மோதி அவர் இறந்துவிட்டார் என்று வையுங்கள். யார் மேல் தவறு என்று நிரூபிக்காமலேயே 5 லட்சம் ரூபாய் கேட்க அவர் குடும்பத்துக்கு 164ஆவது பிரிவு உரிமை தருகிறது. பலத்த காயம் என்றால் இரண்டரை லட்சம். இன்சூரன்ஸ் இருந்தால் நிறுவனம் கொடுக்கும். இல்லாதபோது உரிமையாளர்தான் கொடுக்க வேண்டும். பால் ஊற்றிப் பிழைக்கிற குடும்பம் அந்தத் தொகைக்கு எங்கே போகும்? இடிபட்டவர் வீட்டையும் நினைக்க வேண்டும். தீர்ப்பு கையில் இருக்கும், பணம் வராது.

மிதிக்க முடியாதவருக்கு மலிவான வண்டி வேண்டும் என்ற தேவை நியாயமானது. பிரிட்டனில் தனி ஒருவர் கட்டிய இருசக்கர வண்டியைக்கூட ஒற்றை வண்டியாகச் சோதித்துப் பதிவு செய்ய வழி இருக்கிறது. பிரேக்கும் விளக்கும் சரியாக இருந்தால் நம்பர், இல்லையென்றால் திருப்பி அனுப்புவார்கள். அப்படியொரு வழியை இங்கேயும் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் திறக்க வேண்டும்.

அதுவரைக்கும், வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் சோதனை நிறுவனத்தின் ஒப்புதல் சான்றைக் கேளுங்கள். நகல் காட்டினால் அதில் உள்ள மாடல் பெயரும் நீங்கள் வாங்கும் வண்டியின் பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். சான்று இல்லையென்றால் வாங்காதீர்கள்.