வருகை தேவையில்லை!

நெய்வேலியில் என் தங்கை மகன் இருக்கிறான். சுரங்கத்தில் எஞ்சினீயர் உத்தியோகம். சென்ற முறை அங்கே போயிருந்தபோது, இரவுச் சாப்பாடு முடிந்ததும் இரண்டு விண்ணப்பங்களைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான்.

"வேலையை விடாமலே எம்.இ. படிக்கலாம்னு இருக்கேன், மாமா. எதிலே சேரலாம், சொல்லுங்க."

கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் கதை எழுதுகிறவனிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று நம்மவர்களுக்கு ஒரு நம்பிக்கை. வாங்கிப் பார்த்தேன்.

ஒன்று, மாலை வகுப்பு. முழு நேரம் படிப்பவன் இரண்டு வருஷத்தில், நான்கு பருவத்தில் முடிப்பதை, மூன்று வருஷம் ஆறு பருவமாகப் படிக்கவேண்டும். சோதனைச்சாலை உண்டு, கடைசியில் ஓர் ஆய்வும் எழுதவேண்டும். மற்றதில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது: 'வருகை தேவையில்லை!'

"இரண்டாவதுதான் சௌகரியம்னு எல்லாரும் சொல்றாங்க. இரண்டும் எம்.இ.தானே? பெயர்ப் பலகையிலே ஒரே மாதிரிதானே எழுதப் போறோம்?"

இந்த வார்த்தையோடு சண்டை போடத்தான் இந்தக் கட்டுரை.

சாப்பிடும்போது அவன் வேறொரு விஷயம் பேசிக்கொண்டிருந்தான். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது. இரவு பகலாக இறைத்து அந்த அழுத்தத்தைத் தணிக்காவிட்டால், நீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். குறைத்து இறைத்தால் சுரங்கத்துக்கு ஆபத்து. கூட்டி இறைத்தால் சுற்றுக் கிராமத்துக் கிணறுகளின் கதி என்ன? எவ்வளவு இறைத்தால் போதும்? இந்தக் கணக்கில் அவனுக்கு ஒரு சந்தேகம். மோர்சாதம் கையில் காய்ந்துபோகும்வரை அதையே சொன்னான். எனக்குப் பாதி புரியவில்லை. ஆனால் அவன் கண்ணில் இருந்த வெளிச்சம் புரிந்தது.

ஐயா, அந்தச் சந்தேகம்தான் மேற்படிப்பு! அதைக் கேட்க ஓர் ஆசிரியர் வேண்டும். 'உன் கணக்கு தப்பு' என்று முகத்துக்கு நேரே சொல்ல ஒருவர் வேண்டும். 'வருகை தேவையில்லை' என்பவன் மாணவனுக்கு மட்டும் விடுமுறை கொடுக்கவில்லை. ஆசிரியருக்கும் சேர்த்தே கொடுத்துவிடுகிறான்.

பகுதி நேரப் படிப்பு இரண்டாந்தரம் என்று சொல்லும் பெரிய மனிதர்களையும் நான் ஒப்பமாட்டேன். கல்லூரியை விட்டு நேரே மேற்படிப்புக்குப் போகிற பையனுக்குப் பதில்கள் தெரியும். ஐந்து வருஷம் சுரங்கத்தில் நின்றவனுக்குக் கேள்வி தெரியும். எது உயர்ந்தது?

தூரத்தோடும் எனக்குப் பகையில்லை. உத்தியோகத்தில் இருப்பவர்களுக்காகச் சென்னை ஐ.ஐ.டி.யே இணைய வழியில் எம்.டெக். நடத்துகிறது. அங்கே ஆசிரியர் உண்டு, பரீட்சை உண்டு. ஆள் இல்லாத கடையைத்தான் எதிர்க்கிறேன்.

அந்தக் கடையில் வாங்கியவர்களுக்கு நேர்ந்ததையும் சொல்லவேண்டும். ஒடிசாவில் ஓர் அரசு நிறுவனத்து எஞ்சினீயர்களின் பதவி உயர்வைப் பற்றிய வழக்கு சுப்ரீம் கோர்ட்டுவரை போய், 2017 நவம்பர் 3-ஆம் தேதி தீர்ப்பாயிற்று. சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலின் அனுமதி பெறாமல் தபால் வழியில் எஞ்சினீயரிங் பட்டம் வழங்கியிருந்தன. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. மறுபடி பரீட்சை எழுதித் தேறினால்தான் செல்லும். அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டம் அடியோடு ரத்து. சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பணம் கட்டியவர்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயதில் தாங்கள் பரீட்சைக்கு உட்கார்ந்தார்கள். சௌகரியத்தின் விலை அது.

'ஷிப்ட் மாறி மாறி வருகிறது, குடும்பம் இருக்கிறது, மாலை வகுப்புக்கு எங்கே நேரம்?' என்று கேட்பீர்கள். நியாயம். நேரம் இல்லையென்றால் இரண்டு வருஷம் காத்திருங்கள். அல்லது படிக்காமலே இருங்கள். பி.இ. படித்துவிட்டு ஒழுங்காக வேலை செய்வது அவமானமில்லை. படிக்காத படிப்பைப் பலகையில் எழுதிக்கொள்வதுதான் அவமானம்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவன் மனைவி சமையலறைக் கதவருகே நின்றிருந்தாள். கைக்குழந்தை தோளில் தூங்கியது. வெகுநேரம் கழித்து ஒன்றே ஒன்று கேட்டாள்:

"அந்த மாலை வகுப்பு எத்தனை மணிக்கு முடியும், மாமா?"

மூன்று வருஷத்து மாலைப் பொழுதுகளைக் கொடுக்கப் போகிறவள் அவள். அதற்கு ஈடாக ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுக்கலாமா? அப்படிக் கொடுப்பதற்கு ஒரு புருஷனுக்கு என்ன உரிமை இருக்கிறது?

நான் அவனைப் பார்த்தேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியவன் அவன்தான்.