பந்தாட்டத்திலே அரசியலா?

போடிநாயக்கனூர்த் தேநீர்க் கடைகளில் திங்கட்கிழமைதோறும் விடியுமுன்னே ஒரு வழக்கு விசாரணை தொடங்கிவிடும். சனியும் ஞாயிறும் நடந்த கால்பந்தாட்டங்கள்தாம் வழக்கு. கோலைக் கோட்டை விட்டவன் குற்றவாளி. நடுவர் மீது தனியாக ஒரு குற்றப்பத்திரிகை. சாட்சிகள் ஏராளம், வழக்கறிஞர்களோ அதைவிட ஏராளம். மலையேறும் ஜீப் வந்து ஹாரன் அடிக்கும் வரையில் தீர்ப்பு வராது. ஜீப்பில் ஏறிய பிறகும் வழக்கு முடியாது. போடிமெட்டு வளைவுகளில் மேல்முறையீடு நடக்கும்!

நல்லது. இரசனை உள்ளவன் பேசத்தான் வேண்டும். ஆனால், அந்த மன்றத்திலே யாரேனும் ஒரு தோழர் கூலியைப் பற்றியோ, வேலை நேரத்தைப் பற்றியோ ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும், "அட, பந்தாட்டத்திலே அரசியல் எதற்கப்பா?" என்று ஒரு குரல் எழுகிறது. எழுப்புகிறவர் பகைவர் அல்லர். நம்மவர்தான், நம்மோடு அதே ஜீப்பில் முட்டி மோதி உட்கார்ந்து வருகிறவர்தான். அவரிடம் சில கேள்விகள் கேட்போம். கோபித்துக்கொள்ள அல்ல, கணக்குப் பார்க்க.

ஆட்டம் நடப்பது என்றைக்கு? சனியும் ஞாயிறும். அந்தச் சனியும் ஞாயிறும் உழைப்பாளிக்கு எப்படிக் கிடைத்தன? வானத்திலிருந்து விழுந்தனவா? முதலாளி மனமிரங்கி வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தாரா?

இங்கிலாந்து நாட்டிலே பஞ்சாலைகளில் விளக்கு வைத்த பிறகும் வேலை வாங்கினார்கள். குறைந்த நேர வேலை வேண்டுமென்று ஆண்டுக்கணக்கில் கிளர்ச்சி நடந்தது. அதன் விளைவாக 1850-இல் ஒரு சட்டம் வந்தது: ஆலைகளில் பெண்களும் இளையோரும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குமேல் வேலை செய்யக்கூடாது. அவர்கள் கை இல்லாமல் ஆலை ஓடுமா? ஓடாது. எனவே, நாளடைவில் ஆண்களுக்கும் அரைநாள் ஓய்வு கிடைத்தது. அந்த அரைநாளில்தான் ஆலைத் தொழிலாளி பந்தைக் காலில் வாங்கினான். இங்கிலாந்திலே சனிக்கிழமை மாலை 3 மணி ஆட்டம் என்று இன்றளவும் சொல்லுகிறார்களே, அதன் பிறப்புச் சான்றிதழ் அந்தச் சட்டம்தான்.

அதுவரை சீமான் வீட்டுச் செல்லப்பிள்ளைகளின் பள்ளிக்கூட ஆட்டமாக இருந்தது கால்பந்து. 1883-இல் லண்டனில் சங்கக் கோப்பையின் இறுதி ஆட்டம். ஒருபுறம் ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர்கள். பட்டமும் பரம்பரையும் படைத்தவர்கள். மறுபுறம் பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற வடநாட்டு அணி; நெசவாளர்களும், இரும்பு வார்ப்பவர்களும், குழாய் வேலைக்காரரும் கலந்த கூட்டம். 2-1 என்ற கணக்கில் வென்றது எந்த அணி? உழைப்பாளி அணி! சட்டத்தால் கிடைத்த ஓய்வு, ஓய்வால் கிடைத்த பயிற்சி, பயிற்சியால் கிடைத்த கோப்பை. இதிலே அரசியல் எங்கே முடிகிறது, ஆட்டம் எங்கே தொடங்குகிறது? கோடு கிழித்துக் காட்டட்டும், பார்க்கலாம்!

நம் நாட்டுக்கு வருவோம். 1911 ஜூலை 29. கல்கத்தாவில் மோகன் பகான் அணி, கிழக்கு யார்க்‌ஷயர் என்ற வெள்ளைப் படைப்பிரிவை 2-1 என்று வென்றது. நம்மவர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் வெறுங்காலோடு ஆடினார்கள். பூட்ஸ் அணிந்த ஆட்சியை வெறுங்கால் வென்றதே என்று தேசமே பூரித்தது. அன்று அந்த மைதானத்தில் கூடியிருந்தவர்களிடம் போய், "இது வெறும் ஆட்டமப்பா" என்று யாராவது சொல்லியிருந்தால் கைகொட்டிச் சிரித்திருப்பார்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1923-இல், சென்னைக் கடற்கரையிலே சிங்காரவேலர் இந்த நாட்டின் முதல் மே தினக் கொடியை ஏற்றினார். எட்டு மணி வேலை, எட்டு மணி உறக்கம், எட்டு மணி ஓய்வு என்பது அந்த மே தினத்தின் கோரிக்கை. அந்த மூன்றாவது எட்டு மணியில்தான், நண்பரே, உம்முடைய பந்தாட்டம் இருக்கிறது.

கல்லூரி ஆட்டத்தின் கதையையும் கேளுங்கள். அமெரிக்காவிலே கல்லூரிக் கால்பந்து என்று ஒன்று உண்டு. பெயர்தான் கால்பந்து, முட்டை வடிவப் பந்தைக் கையிலே இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள். சனிக்கிழமை வந்தால் ஊரே அங்கேதான். மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கில் மட்டும் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். டிக்கெட் பணம், தொலைக்காட்சிப் பணம், பயிற்சியாளருக்குக் கோடிக் கணக்கில் சம்பளம். எலும்பு முறிய ஆடிய மாணவனுக்கோ நெடுங்காலம் படிப்புதவி ஒன்றே பரிசு! 2014-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆட்டக்காரர்கள் துணிந்து எழுந்தார்கள். "நாங்களும் ஊழியர்களே, எங்களுக்கும் சங்கம் வேண்டும்" என்றார்கள். தொழிலுறவு வாரியத்தின் வட்டார அதிகாரி ஆம் என்றார். 2015 ஆகஸ்டில் மேல் வாரியமோ, இது எம் ஆய்வுக்கு உரியதன்று எனக் கைகழுவியது. ஆயினும் கேள்வி சாகவில்லை. வேறொரு வழக்கின் வழியாக, 2025 முதல் அங்கே கல்லூரிகள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகவே பணம் தரலாம் என்றாகிவிட்டது. கேட்டவனுக்குத்தான் கிடைத்தது, ஆட்டத்தோடு நிறுத்திக்கொண்டவனுக்கு அல்ல.

இப்போது நம் மலைக்கு ஏறுவோம்.

போடிமெட்டு கடந்து, பூப்பாறை வழியாக மூணாறு போனால் தேயிலைத் தோட்டங்கள். அங்கே வெள்ளைக்காரக் கம்பெனி காலத்திலேயே தோட்ட அணிகளுக்கிடையே ஃபின்லே கேடயப் பந்தாட்டம் தொடங்கிற்று. துரைமார் பந்தைக் கொடுத்தது பாசத்தினாலா? கொடி பிடிக்கும் கை கைதட்டிக்கொண்டே இருக்கட்டும் என்ற கணக்கும் அதில் இருந்திருக்கலாம். கொடுத்தவர் எண்ணம் எதுவாயினும், ஆட்டத்தைத் தமதாக்கிக்கொண்டவர்கள் தொழிலாளர்கள். துரைமார் போய்விட்டார்கள், கேடயம் நிலைத்தது. லயத்துப் பிள்ளைகளுக்குத் தோட்டத்தின் பெயரால் மார்நிமிர்த்த ஒரு நாள் கிடைத்தது.

ஏல மலைச் சரிவிலே அது உண்டா? தேயிலைக்குப் பெரிய கம்பெனி. ஏலத்துக்குச் சிறிதும் பெரிதுமாகப் பல உடைமைகள். மரநிழலிலே வளரும் பயிர், மண்ணெல்லாம் சரிவு. காய் செடியின் உச்சியில் இல்லை. அடியிலே, தரையோடு கிடக்கும் சரத்திலே. நாளெல்லாம் குனிந்துதான் பறிக்க வேண்டும். தலைக்கு மேல் மழை, காலைச் சுற்றி அட்டை. பொழுது சாயும் நேரத்தில் ஜீப்பில் இறங்கி வீடு வந்தால், பந்தை உதைக்கக் காலும் இல்லை, நேரமும் இல்லை. ஞாயிறு ஓய்வுதானே என்பார்கள். தினக் கூலிக்காரனுக்கு ஞாயிறு என்பது ஓய்வு நாளா? கூலி இல்லாத நாள்!

விலை இல்லையா ஏலத்துக்கு? 2019 ஆகஸ்டில், விளைச்சல் குறைந்திருந்த வேளையில், புற்றடி ஏல மையத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போயிற்று. மலையே அதிசயித்தது. விலை விழும்போது "கூலி கூட்ட முடியாது" என்கிறவர்கள், விலை எழும்போது எத்தனை பேர் தாமாகக் கூட்டினார்கள்? காய் பறித்த அக்காமார்களைக் கேளுங்கள்; சொல்லுவார்கள்.

சட்டம் இல்லையா? இருந்தது. 1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்றது. பொழுதுபோக்கு வசதி செய்து தரவேண்டுமென்று உரிமையாளருக்கு ஆணையிடும் அதிகாரத்தை மாநில அரசுக்குக் கொடுத்தது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டத் தொகுப்பிலும் தோட்டங்களுக்கான பகுதியில் பொழுதுபோக்கு வசதி என்ற சொல் நிற்கிறது. சொல் நிற்கிறது, மைதானம் எங்கே? கேட்க ஆளில்லாத சட்டம், கோல் கம்பம் இல்லாத மைதானம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், நம் ஆண் தோழர்களுக்குச் சற்றே உறைக்கும். ஆட்டம் பார்ப்பவர்களில் நாம் உண்டு. காய் பறிப்பவர்களில் பெரும்பகுதி பெண்கள். ஞாயிற்றுக்கிழமை நாம் ஆட்டம் பார்க்கும்போது அவர்கள் துணி துவைக்கிறார்கள், விறகு சேர்க்கிறார்கள், ஆறு நாள் மிச்சம் வைத்த வேலையை முடிக்கிறார்கள். பெண்ணுக்கு ஏது பந்தாட்டம் என்கிறீர்களா? இங்கிலாந்தில் டிக் கெர் தொழிற்சாலைப் பெண்கள் 1920-இல் ஆடிய ஓர் ஆட்டத்துக்கு 53,000 பேர் கூடினார்கள். 1921-இல் கதவடைப்பில் பட்டினி கிடந்த சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்காக நிதி திரட்ட ஆடினார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே, பெண்களுக்கு மைதானம் தரக்கூடாதென்று கால்பந்துச் சங்கம் தடை போட்டது. அது விலக ஏறத்தாழ 50 ஆண்டுகள் ஆயின. நமக்கு அருகிலே மதுரைச் சேது அணிப் பெண்கள் 2019-இல் இந்திய மகளிர் லீக்கையே வென்று வந்தார்கள். மூணாற்றுத் தோட்டப் பெண்களோ 2015 செப்டம்பரில், ஆண்கள் நடத்திய சங்கங்களையும் ஒதுக்கி வைத்துவிட்டு, நடுவீதியில் அமர்ந்து 20 விழுக்காடு போனஸ் பெற்றார்கள். ஆடத் தெரியாதவர்களா அவர்கள்? நேரம் தரப்படாதவர்கள்!

ஆகவே, தோழர்களே, பந்தாட்டம் பேசுவதை நிறுத்தச் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் சேர்த்துப் பேசச் சொல்லுகிறோம். மூன்று கோரிக்கைகள் போதும். ஒன்று: வாரத்தில் ஒரு நாள் கூலியோடு ஓய்வு, ஆணுக்கும் பெண்ணுக்கும். இரண்டு: ஏல மலைப் பஞ்சாயத்துகளிலும் போடி அடிவாரத்திலும் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பொது மைதானம், தோட்டத்துக்குத் தோட்டம் இடமில்லை என்றால், பல உரிமையாளர்கள் சேர்ந்து ஓரிடம் தரட்டும். மூன்று: அங்கே பெண் பிள்ளைகளுக்கும் ஓர் அணி, ஒரு பயிற்சியாளர். போடியிலே ஏலத்தோட்ட உரிமையாளர் சங்கத்தின் பெயரைத் தாங்கி ஒரு கல்லூரி இருக்கிறது. ஏலச் செல்வம் கல்விக்குப் போனது நன்றே. காய் பறித்த தாயின் மகளும் மகனும் கல்லூரிச் சட்டை அணிந்து மைதானத்தில் இறங்கும் நாள் பெருகினால், அது இன்னும் நன்று.

அடுத்த கிளைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்த மூன்றையும் சேருங்கள். கூட்டத்துக்கு அக்காமார்களை அழையுங்கள். முதலில் அவர்களைப் பேசவிடுங்கள். தீர்மானம் போட்டு, மலையின் இரண்டு பக்கத்து அரசுக்கும் அனுப்புங்கள். பதில் வரும் வரை விடாதீர்கள்!